முருங்கையா, பாலக்கா? தட்டில் வைத்து எடைபோடுங்கள்

கேள்வி: எங்கள் கொல்லையில் முருங்கை மரம் காய்த்துத் தழைத்து நிற்கிறது. மருமகளோ கடையிலிருந்து பாலக் வாங்கி வருகிறாள். “பாலக்கைவிட முருங்கைக்கீரையில் 25 மடங்கு இரும்புச்சத்து” என்று வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணையைக் காட்டினேன். “அதெல்லாம் கதை அத்தை” என்கிறாள். அவளுக்கு ஹீமோகுளோபின் 9. யார் சொல்வது சரி? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவும்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: 25 மடங்கு விஷயத்தில் மருமகள் சொல்வதுதான் சரி. கால்சியத்துக்கும், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டினுக்கும் முருங்கை. ஃபோலேட் என்ற பி வைட்டமினுக்குப் பாலக். ஹீமோகுளோபின் 9-க்கு இரண்டுமே போதாது. சுற்றி வளைக்காத பதில் இவ்வளவுதான். நேரம் இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் மருமகளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

முதலில் அந்த 25 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முருங்கைப் பொடி விற்பவர்களின் அட்டவணைகளில் 100 கிராம் பொடிக்கு இரும்பு 28.2 மில்லிகிராம் என்று தவறாமல் போட்டிருப்பார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுச் சத்து நூலில், 1989-ல் திருத்திய பதிப்பு, பாலக்குக்கு 1.14 என்று கொடுத்தது. வகுத்துப் பாருங்கள்: 24.7. ஒரு பக்கம் ஈரம் போகக் காயவைத்த பொடி, மறுபக்கம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீராக இருக்கும் பச்சை இலை. அப்பளத்தையும் உளுந்து மாவையும் ஒரே தராசில் வைத்து அப்பளத்தைப் புகழ்வதைப் போன்ற கணக்கு இது. வேடிக்கை என்னவென்றால், அதே 1989 பதிப்பில் பச்சை முருங்கை இலைக்கு இருந்த எண் 0.85. பாலக்கைவிடக் குறைவு! அதை எந்தப் பொடி டப்பாவிலும் அச்சிட மாட்டார்கள்.

அதற்கு முந்தைய பதிப்புகளில் பாலக்குக்கு 10.9, முருங்கை இலைக்கு 7 என்று இருந்தது. கீரைக்குள் இருந்த இரும்பு ஒரே பதிப்பில் ஓடிப்போய்விடவில்லை. இலையில் ஒட்டிய மண்ணே இரும்புக் கணக்கை ஏற்றிவிடும். சோதிக்கும் முறையும் பின்னாளில் மாறியது. எனவே, எந்த ஆண்டு அட்டவணை என்று கேட்காமல் கீரையின் இரும்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பச்சை இலை 100 கிராமில் முருங்கைக்கு இரும்பு சுமார் 4.6 மில்லிகிராம், பாலக்குக்கு சுமார் 3. ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். கால்சியம் 314-க்கு 82. வைட்டமின் சி 108-க்கு 30. புரதம் 6.4 கிராமுக்கு 2.1. பீட்டா கரோட்டின் 17,500 மைக்ரோகிராமுக்கு 2,600. ஃபோலேட்டில் மட்டும் தலைகீழ்: முருங்கை 43 மைக்ரோகிராம், பாலக் 142.

இதைப் பார்த்ததும் “முருங்கைதான்” என்று எழுந்துவிடாதீர்கள். முருங்கை இலையில் தண்ணீர் சுமார் 76 பங்கு, பாலக்கில் 90. அதாவது ஒரே எடையில் முருங்கையில் இரண்டரை மடங்கு கெட்டிப்பொருள் இருக்கிறது. புரதம் மூன்று மடங்கு தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தண்ணீரைக் கழித்துவிட்டு உலர் எடைக்குக் கணக்குப் போட்டால் புரதம் 26-க்கு 22 என்று கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். இரும்பில் பாலக் முந்திவிடும்.

ஆனால் யாரும் உலர் எடையைச் சாப்பிடுவதில்லை. 100 கிராம் முருங்கை இலையையும் சாப்பிடுவதில்லை. ஈர்க்கு நீக்கி உதிர்த்த முருங்கை இலை ஒரு கப் அளந்தால் 20 கிராம்தான் இருக்கும். சோற்றோடு தொட்டுக்கொள்ளும் பொரியலுக்கு ஓர் ஆளுக்கு 35 கிராம் பச்சை இலை என்றால் தாராளம். பாலக் அப்படியல்ல. கடைந்தாலும் கூட்டு வைத்தாலும் சுருங்கிப் போகும் என்பதால் ஓர் ஆளுக்கு 120 கிராம் சுலபமாக இறங்கும். இப்போது தட்டுக் கணக்கைப் பாருங்கள். இரும்பு: முருங்கையில் 1.6 மில்லிகிராம், பாலக்கில் 3.5. கால்சியம்: 110, 99. வைட்டமின் சி, சமைப்பதற்கு முன்: 38, 36. ஃபோலேட்: 15 மைக்ரோகிராம், 170. கரோட்டின்: 6,100, 3,100. வாட்ஸ்அப் அட்டவணையின் 25 மடங்கு தட்டுக்கு வரும்போது பாதிக்கும் கீழே போய்விட்டது.

இனி பாலக்கின் குட்டையும் உடைத்துவிடுகிறேன், மருமகள் கோபித்துக்கொண்டாலும். அதன் 99 மில்லிகிராம் கால்சியம் காகிதத்தில்தான் இருக்கிறது. பாலக்கில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சலேட் உண்டு. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பாலிலிருந்து உடல் நூற்றுக்கு 28 பங்கு கால்சியத்தை எடுத்துக்கொண்ட சோதனையில், பாலக் வகைக் கீரையிலிருந்து எடுத்தது 5 பங்குதான். 99-ல் 5 மில்லிகிராம்! முருங்கை இலையிலும் கால்சியத்தில் ஒரு பகுதி ஆக்சலேட்டாகக் கட்டுண்டுதான் இருக்கிறது. 110-ம் அப்படியே எலும்பில் ஏறும் என்று நினைக்க வேண்டாம். இருந்தாலும் கால்சியத்துக்காக ஒரு கீரை என்றால் பாலக்கை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பாலக்கை நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். கரையும் ஆக்சலேட்டில் நல்ல பகுதி அதோடு போய்விடும். ஃபோலேட்டும் வைட்டமின் சியும் கூடவே போகும்; அதற்கு வழியில்லை. கல் இல்லாதவர்கள் வடிக்கத் தேவையில்லை. தயிரோ பன்னீரோ கூடச் சேர்ந்தால் ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும், ரத்தத்துக்குப் போகாது. கல் உள்ளவருக்கு அது நல்லது. ஆனால் பாலக் பன்னீர் சாப்பிட்டுவிட்டு ‘கால்சியம் ஏறிவிட்டது’ என்று கணக்கெழுதுபவர்கள், பன்னீரின் கால்சியத்திலும் ஒரு பங்கை பாலக் பிடுங்கிக்கொண்டதைச் சேர்த்து எழுத வேண்டும்.

இன்னொன்று. கடையில் நீங்கள் பார்க்கும் ‘பாலக்’ எது? நம் ஊரில் பெரிதும் விற்பது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த பாலக்: நீண்ட, தடித்த, பளபளப்பான இலை, தடித்த காம்பு, ஒருமுறை விதைத்து மீண்டும் மீண்டும் அறுப்பார்கள். மேலே சொன்ன அட்டவணை எண்கள் வேறொரு செடிக்கு உரியவை. குளிர்ப்பருவத்தில் வரும், அம்பு முனை போன்ற மூன்று மூலை இலையும் இளஞ்சிவப்பு வேரும் கொண்ட விலாயதி பாலக் அது. இரண்டும் நெருங்கிய உறவு, இரண்டிலும் ஆக்சலேட் அதிகம் என்பதால் பெரிய ஆபத்தில்லை; ஆனால் தசம புள்ளிவரை சண்டை போடுவதற்கு அந்த எண்கள் ஆகாது. இரண்டையும் ‘பசலை’ என்று மொழிபெயர்த்து எழுதும் பழக்கம்தான் எனக்கு எரிச்சல். பசலை என்பது வேலியில் ஏறும் கொடி. இலை கொழகொழவென்றிருக்கும், இலங்கையில் பசளி என்பார்கள். அதற்கும் பாலக்குக்கும் உறவு தூரம்.

சமையலுக்கு வருவோம், ஏனென்றால் அட்டவணையில் தோற்பதைவிட அடுப்பில்தான் அதிகம் தோற்கிறோம். முருங்கைக் கொம்பை இரவில் துணியில் சுற்றிவைத்தால் காலையில் உலுக்கியதும் இலை தானே உதிரும். வேலை மிச்சம்தான், ஆனால் அந்த இலை மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், வைட்டமின் சியும் இறங்கியிருக்கும். ஒடித்த அன்றே கொத்தோடு அலசி, உதறி, உருவிக்கொள்ளுங்கள். ஈர்க்கைப் பொறுக்காமல் விட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் நார் சிக்கும். தாளித்ததும் இலையைப் போட்டு, தண்ணீரை லேசாகத் தெளித்து, சிறு தீயில் ஐந்து முதல் ஏழு நிமிடம். கரண்டியின் தட்டையான பக்கத்தால் புரட்டினால் இலை உருண்டை கட்டும்; காம்புப் பக்கத்தால் கிளறினால் உதிரியாக நிற்கும். முற்றிய இலையும் அதிக நேரம் மூடிவைத்து வேகவைப்பதும்தான் கசப்புக்குக் காரணம். முற்றிய இலையை அடைக்கோ சாம்பாருக்கோ ஒதுக்குங்கள். கரோட்டின் எண்ணெயில் கரைவது. ஒரு ஸ்பூன் எண்ணெயோ தேங்காய்த் துருவலோ இல்லாமல் அந்த 6,100-ல் அதிகம் உள்ளே போகாது. முருங்கைக்கீரை சூப் என்று இலையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, சாற்றைக் குடித்துவிட்டு இலையைத் தூக்கி எறிபவர்கள் கரோட்டினைக் குப்பையில் போடுகிறார்கள்.

பாலக்கை நறுக்கிய பிறகு அலசாதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி முழு இலையாக அமிழ்த்தி, மண் அடியில் இறங்கியதும் இலையை மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் மண் மறுபடி இலைமேலேயே வந்து உட்காரும். மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். பச்சை நிறம் மங்காமல் இருக்க ஆப்பச்சோடா போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், வைட்டமின் சி அழியும். மூடாமல் இரண்டு நிமிடம் வதக்கினாலே நிறம் நிற்கும்.

இரும்புச் சட்டியில் சமைத்தால் சட்டியின் இரும்பும் கொஞ்சம் உணவில் சேரும், புளியோ தக்காளியோ இருந்தால் இன்னும் அதிகம். கீரை கறுத்துப்போவதால் கெடுதல் இல்லை. வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் மட்டும் இரும்பு வாடை ஏறிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இந்தப் போட்டியில் அவரைச் சேர்க்காதீர்கள். இரண்டு கீரையிலும் வைட்டமின் கே மிக அதிகம். மாத்திரையின் வேலையை அது குறைக்கும். அவர் கீரையையே விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்துக்கொண்டு, அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். திடீரென்று தினமும் கீரை என்று தொடங்குவதுதான் சிக்கல்.

இப்போது மருமகள். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 9 என்பது நடுத்தர நிலை. இந்தியப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம். அதை முருங்கையிலிருந்தே எடுக்க வேண்டுமானால் தினமும் 630 கிராம் உருவிய இலை வேண்டும். உங்கள் மரம் ஒரு மாதத்தில் மொட்டையாகிவிடும். பொடி என்றால் ஒரு தேக்கரண்டி இரண்டு மூன்று கிராம், அது பத்துப் பன்னிரண்டு கிராம் பச்சை இலைக்குச் சமம், இரும்பு அரை மில்லிகிராம். வைட்டமின் சியோ காயவைக்கும்போதே போய்விடுகிறது: பொடிக்காரர்களின் அதே அட்டவணையில் பச்சை இலைக்கு 220, பொடிக்கு 17.

இரும்பு மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுப்பார். காரணம் மாதவிடாயா, குடற்புழுவா, வேறெதுவுமா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது இது: எந்தக் கீரையாக இருந்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள், கொதிக்கும்போது அல்ல; கீரையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அதன் வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும். மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது. மாதத்துக்கு நான்கு நாள் பாலக், மற்ற நாட்களில் கொல்லை முருங்கையும் சிறுகீரையும் என்று பங்கு பிரித்துக்கொண்டால் மருமகள் கர்ப்பமாக விரும்பும் காலத்தில் பாலக்கின் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம், ஃபோலேட் தேவைப்படுவது அப்போதுதான். அப்போதும் டாக்டர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கீரையைக் காட்டி நிறுத்தாதீர்கள்.