கையெழுத்துப் போட்டதால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். 24 வயதுத் தம்பிக்கு முன்கையில் பிறவியிலேயே ரத்தக்குழாய்ப் பின்னல். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 2,80,000 ரூபாய் கட்டி, ஆல்கஹால் செலுத்தி அந்தப் பின்னலை அடைத்தார்கள். இரவு 11 மணிக்கு விரல் கறுத்ததை நர்ஸிடம் சொன்னோம். டாக்டர் காலையில்தான் வந்தார். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ‘ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே’ என்கிறார்கள். 16 மாதம் ஆகிவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் விரல் போனதை மட்டும் வைத்துப் போட்டால் நிற்காது. ஆல்கஹால் பக்கத்து நல்ல குழாய்க்குள் புகுந்து தோலோ விரலோ அழுகுவது, கவனமாகச் செய்தாலும் நேரக்கூடிய சிக்கல். முன்கூட்டி என்ன சொன்னார்கள், கறுத்த பிறகு என்ன செய்தார்கள் என்ற இரண்டில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘எல்லா ஆபத்துகளும் விளக்கப்பட்டன’ என்று அச்சடித்த ஒற்றை வரிதானா? விரல் இழப்பு என்று எங்காவது இருக்கிறதா? தம்பி சுயநினைவோடு இருந்தவர், மேஜர். அவர் கையெழுத்துத்தான் செல்லும், உங்களுடையது அல்ல. நோயாளி முடிவெடுக்கப் போதுமான அளவு விளக்கியிருக்க வேண்டும் என்பது 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரிதான ஆபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் உண்டு. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். கைக் குழாயில் ஆல்கஹால் செலுத்தும்போது விரலுக்கு வரும் ஆபத்து அந்த ரகம் இல்லை என்று நாம் வாதாட வேண்டும்.

இரண்டாவதுதான் பலமானது. நர்ஸ் குறிப்பில் நாடித்துடிப்பு, விரலின் நிறம், சூடு ஆகியவை நேரம் போட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும். இரவு 11 முதல் காலைவரை அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால், உங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். செலுத்திய ஆல்கஹாலின் மொத்த அளவையும் பாருங்கள். ஒரே அமர்வில் உடல் எடை கிலோவுக்கு 1 மி.லி.க்கு மேல் போவதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடாதீர்கள். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, ரத்தக்குழாய்ப் படங்கள் பதிந்த ஆஞ்சியோ சிடி மூன்றையும் எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை வாங்குங்கள். 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அவற்றை வேறு ஊரில் இதே சிகிச்சை செய்யும் டாக்டரிடம் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

கெடு 2 ஆண்டு. சிகிச்சை நாளிலிருந்தே எண்ணுங்கள். கையில் 8 மாதம்தான். மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். வழக்குக் கட்டணத்துக்குக் கேட்கும் நஷ்டஈட்டை அல்ல, நீங்கள் மருத்துவமனையில் கட்டிய தொகையைத்தான் பார்ப்பார்கள். அது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது.