வட்டமாக இருந்தால் விண்கல் பள்ளமா?

கேள்வி: சவூதியில் லொறி ஓட்டும் அண்ணன் பாலைவனத்தில் ஓர் இடத்தின் லொகேஷனை அனுப்பினார். கூகுள் ஏர்த்தில் 300 மீட்டர் அகலத்தில் நல்ல வட்டமாகத் தெரிகிறது. விண்கல் விழுந்த இடமா என்று எப்படிப் பார்ப்பது? எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையிலும் கிண்ணம் மாதிரி ஓர் இடம் உண்டு. அதுவும் அப்படியா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: முதலில் அது பள்ளம்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே பல தடவை ஏமாந்திருக்கிறேன். மேலேயிருந்து எடுத்த படத்தில் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரியும். செய்மதிப் படங்கள் பெரும்பாலும் முற்பகலில் எடுத்தவை, வெயில் கிழக்கிலிருந்து விழும். ஆகவே வட்டத்தின் கிழக்கு உட்சுவர் இருட்டாக இருந்தால் பள்ளம். மேற்குப் பக்கம் இருட்டாக இருந்தால் மேடு.

அப்புறம் பழைய படங்களைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் ஏர்த் திறந்தால் வருடக் கணக்கில் பின்னால் போகலாம். பத்து வருடத்துக்கு முன் அந்த இடம் வெறும் தரையாக இருந்தால், யாரோ கல்லுடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையான மோதல் பள்ளத்துக்குச் சுற்றிவர உயர்ந்த விளிம்பு இருக்கும், வெளியே சிதறிய கல்லும் கிடக்கும். 300 மீட்டர் அகலம் என்றால் விழுந்தபோது ஆழம் ஏறக்குறைய 50 மீட்டர் இருந்திருக்கும். இன்று அவ்வளவு தெரிய வேண்டியதில்லை. சவூதியின் ரூப் அல் காலி பாலைவனத்தில் 1932இல் ஃபில்பி என்ற ஆங்கிலேயர் தொலைந்துபோன நகரம் ஒன்றைத் தேடிப் போய், வாபர் விண்கல் பள்ளங்களைக் கண்டார். அவற்றை இப்போது மணல் பெரும்பாலும் மூடிவிட்டது.

நம்பிக்கை தரும் கதையும் இருக்கிறது. எகிப்தின் தென்கோடியில் 45 மீட்டர் அகலமான கமில் பள்ளத்தை 2008இல் ஓர் இத்தாலியர் கண்டது கூகுள் ஏர்த்தில்தான். 2010இல் ஆய்வுக்குழு போய்ப் பார்த்தபோது சுற்றிலும் இரும்பு விண்கல் துண்டுகள் இறைந்து கிடந்தன.

ஆனால் சவூதியிலேயே எதிர்க்கதையும் உண்டு. அல் வாபா பள்ளம் 2 கிலோமீட்டர் அகலம், ஏறக்குறைய 250 மீட்டர் ஆழம். விண்கல் பள்ளம் என்றே ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். நிலத்தடி நீரைச் சூடான பாறைக்குழம்பு தொட்டதால் வெடித்த எரிமலை வாய் அது. அண்ணன் இருப்பது மேற்குச் சவூதியில், சுற்றிலும் கருப்பு எரிமலைக் கல் என்றால் நான் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன்.

முடிவு சொல்வது கல்தான். குதிரைவால் போல ஒரு முனையிலிருந்து கோடுகள் விரியும் கூம்பு வடிவப் பாறை கிடைத்தால் அது பலமான சாட்சி. இல்லாவிட்டால் குவார்ட்ஸ் மணியை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பேரழுத்தம் பட்ட மணிக்குள் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். எரிமலையால் அதைச் செய்ய முடியாது. காந்தத்தில் ஒட்டுகிறதே என்று துள்ளாதீர்கள், நம் மலையகத்துக் கற்களிலேயே நிறைய ஒட்டும். அண்ணன் அந்தப் பக்கம் போனால், விளிம்புக் கல் ஒன்றின் பக்கத்தில் சாவியை வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பட்டும். தனியாக மட்டும் போக வேண்டாம்.

சரி, ஏழாம் நம்பர் மலை. இலங்கையில் இதுவரை உறுதியான விண்கல் பள்ளம் ஒன்றும் இல்லை. விழாமலே இருந்திருக்காது. ஆனால் மஸ்கெலியா மழையில் சிறிய பள்ளத்தின் விளிம்பு எத்தனை நாள் நிற்கும்? வானம் பார்த்த வறண்ட நிலத்தில்தான் அது தங்கும். உங்கள் கிண்ணத்தை நாலு பக்கமும் நடந்து பாருங்கள். கீழ்ப்பக்கம் விளிம்பில்லாமல் சரிவை நோக்கித் திறந்திருந்தால், அநேகமாக அது பழைய மண்சரிவு. அதன் மேல்விளிம்பில் புதிதாக வெடிப்பு விட்டிருந்தாலோ, தேயிலைச் செடிகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ, கீழே லயம் இருந்தாலோ, கிராம சேவகரிடம் இன்றைக்கே சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சவூதி வட்டம் அதுவரை காத்திருக்கும்.