கடல் அட்டைப் பண்ணையில் மறைவிடம் வைத்தால் வளர்ச்சி கூடுமா?

குளத்தின் அடியில் கல், ஓடு போட்டால் கடல் அட்டை (கடல் வெள்ளரி) வேகமாக வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அட்டை என்று சொல்லவில்லையே! பதில் முழுக்க அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சீனாவின் ஷான்டோங், லியாவோனிங் கரையோரக் குளங்களில் வளர்க்கப்படும் ஜப்பானியக் கடல் அட்டை (அப்போஸ்டிகோபஸ் ஜப்போனிகஸ்) என்றால் மறைவிடம் கட்டாயம் வேண்டும். அது உடலின் அடியில் உள்ள சிறு உறிஞ்சு கால்களான குழாய்க்கால்களால் கெட்டியான பரப்பைப் பற்றிக்கொண்டு வாழும் பிராணி. பகலில் இடுக்குக்குள் கிடக்கும், இருட்டிய பிறகு மேய வெளியே வரும்.

மறைவிடம் என்றதும் எல்லோரும் நிழலைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் நிழலைவிடப் பெரிய பயன் பரப்பளவு. ஓட்டின் மேல் டயட்டம் என்னும் நுண்பாசி படரும், பாக்டீரியாப் படலம் உண்டாகும், நீரில் மிதக்கும் மக்கிய துகள்கள் வந்து படியும். அட்டைக்கு இவைதான் சாப்பாடு. குஞ்சுப் பொரிப்பகத்தில் டயட்டம் படிந்த பிளாஸ்டிக் தகடுகளில் லார்வாக்களை ஒட்டவைப்பதும் இதற்காகத்தான். ஆனால் பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அட்டைக்கோ இருட்டு வேண்டும். ஓடுகளை உயரமாக நெருக்கி அடுக்கினால் இருட்டு மிகுதியாகக் கிடைக்கும், தீனி குறைந்துபோகும். எனவே மேற்பரப்பில் வெயில் விழும்படி தாழ்வாகவும் இடைவெளி விட்டும் வைப்பதே நல்லது.

கோடையில் கதை வேறு. நீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது வளர்ந்த அட்டைகள் தீனியை நிறுத்திவிட்டுக் கோடை உறக்கத்துக்குப் போகின்றன. குடல் சுருங்கும், எடை குறையும். அந்த மாதங்களில் மறைவிடம் வளர்ச்சியைத் தராது. கிடக்க அமைதியான, குளிர்ச்சியான இடம் தரும், அவ்வளவுதான்.

குஞ்சுத் தொட்டிகளில் வேலை செய்த நாட்களில் நாங்களும் ஒருமுறை ஆசைப்பட்டு ஓடுகளை நெருக்கி அடுக்கினோம். சில வாரங்களில் அட்டைகள் ஓடுகளை விட்டுவிட்டுத் தொட்டிச் சுவரில் நீர்மட்டம் வரை ஏறி நின்றன. வீடு கட்டிக் கொடுத்தும் ஏன் தெருவில் நிற்கின்றன என்று புரியவில்லை. ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கரும்சேறு. தண்ணீர் ஓட வழியில்லாமல் கழிவு தேங்கி, ஆக்சிஜன் தீர்ந்திருந்தது. தவறு எங்களுடையதுதான்.

உங்களுடையது வெள்ளை அட்டை (ஹோலோதூரியா ஸ்கேப்ரா) என்றால் கல்லையும் ஓட்டையும் மறந்துவிடுங்கள். அதற்கு மணலே மறைவிடம். மிகச் சிறு குஞ்சாக இருக்கும்போது கடற்புல் இலையில் ஒட்டிக் கிடக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் புதையத் தொடங்கிவிடும். அங்கே கல்லைக் குவித்தால் குஞ்சைத் தின்னும் நண்டுக்குத்தான் குடியிருப்பு கிடைக்கும். மென்மையான மணல், வலுவான வலையடைப்பு, அடிக்கடி நண்டு பிடித்தல் ஆகியவற்றில் காசைப் போடுங்கள்.

முதல் வகைதான் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கற்குவியலில் அறுவடை பெரிய தொல்லை. ஒவ்வொரு கல்லாகப் புரட்ட வேண்டியிருக்கும். சட்டத்தில் கட்டிய வலைக்கூடு என்றால் அப்படியே தூக்கிவிடலாம். எதை வைத்தாலும் அவ்வப்போது ஒன்றைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அன்றைக்கே அடுக்கைக் கலைத்துவிடுங்கள்.