சிம் ஆட்டத்தில் யாருக்குச் சாதகம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மகளும் சிம் ஆடிவருகிறோம். ஆறு புள்ளிகள், ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம். மாறி மாறி இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்கவேண்டும். மூன்று புள்ளிகளுக்கிடையே தன் நிறத்திலேயே முக்கோணம் அமைத்துவிடுபவர் தோற்றார். இதுவரை ஓர் ஆட்டம்கூட சமனில் முடியவில்லை. முதலில் ஆடுபவருக்குத்தானே சாதகம் இருக்கவேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சமன் வரவே வராது. எல்லாக் கோடுகளையும் போட்டு முடித்தால் ஒரு புள்ளியிலிருந்து ஐந்து கோடுகள் கிளம்புகின்றன. நிறம் இரண்டே என்பதால் அவற்றில் குறைந்தது மூன்று ஒரே நிறம், சிவப்பு என்று வையுங்கள். அந்த மூன்றின் மறுமுனைகளுக்கிடையே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் சிவப்பு முக்கோணம். ஒன்றுகூட இல்லையென்றால் அங்கேயே நீல முக்கோணம். போதிய அளவு பெரிய எந்த அமைப்பிலும் ஏதோ ஓர் ஒழுங்கு தவிர்க்கமுடியாமல் வந்துவிடும் என்று சொல்லும் கணிதப் பிரிவான ராம்சே கோட்பாட்டின் முதல் பாடம் இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஐந்து புள்ளிகளில் இது நடக்காது: ஐங்கோணத்தைச் சிவப்பிலும் உள்ளே நட்சத்திரத்தை நீலத்திலும் வரைந்தால் முக்கோணமே விழாது.

முதலில் ஆடுபவர் விஷயத்துக்கு வருவோம். முக்கோணம் அமைப்பவர் ஜெயிக்கும் ஆட்டமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இரண்டாமவரிடம் வெல்லும் உத்தி இருந்தால், முதலாமவர் ஏதோ ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அதே உத்தியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு கோடு இருப்பதால் அவருக்கு நஷ்டமில்லை. சிம்மில் அந்தக் கூடுதல் கோடுதான் ஆபத்து. வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

மொத்தம் 15 கோடுகள். 14 வரை யாரும் தோற்காமல் வந்தால் கடைசிக் கோடு முதலாமவருடையது, அதைப் போட்டதும் அவர் தோற்பார். ஆனால் இதை மட்டும் வைத்து இரண்டாமவர் ஜெயிப்பார் என்று முடிவுகட்ட முடியாது. அதுவரை அவர் தாக்குப்பிடிக்க வேண்டுமே! அங்கேதான் கணினி தேவைப்பட்டது. கணிதவியலாளர் குஸ்டாவஸ் சிம்மன்ஸ் 1969இல் இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். பிழையில்லாமல் ஆடினால் இரண்டாமவரே வெல்வார் என்பதைக் கணினித் தேடல் உறுதிசெய்தது. மீட், ரோசா, ஹுவாங் மூவரும் 1974இல் அதற்கான உத்தியையே வெளியிட்டார்கள்.

எனக்கு இன்னும் நிறைவில்லை. சமன் வராது என்பதற்கு மூன்று வரி போதும், ஒரு சிறுமிக்கும் புரியும். வெல்பவர் யார் என்பதற்கு அப்படியொரு காரணம் கையில் இல்லை. மனிதர் எளிதாக மனப்பாடம் செய்துகொள்ளக்கூடிய முழுமையான உத்தியும் அமையவில்லை. நிலைகள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. யாராவது அந்த மூன்று வரியை எழுதினால் முதலில் படிப்பவன் நானாக இருக்கவேண்டும் என்று ஆசை.