சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறீர்களா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு மூட்டு வலி, பையன் ஏழாவது படிக்கிறான். டிசம்பர் லீவில் ஐந்து பேரும் சிங்கப்பூர் போய், அங்கிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று நான்கு நாள் சுற்றி வரலாம் என்று இருக்கிறோம். எந்தக் கப்பல் நல்லது? ஏஜென்ட் சொல்லும் தொகைக்கு மேல் செலவு வருமா?
(வாசகி, திருச்சி)

பதில்: கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அது எந்தெந்த ஊரில் நிற்கிறது என்று பாருங்கள். நீச்சல் குளம், தியேட்டர், நாள் முழுக்கச் சாப்பாடு எல்லாம் எந்தப் பெரிய கப்பலிலும் இருக்கும். உங்கள் அம்மா கரையில் இறங்க முடியுமா என்பதுதான் ஊருக்கு ஊர் மாறும்.

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகும் கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு கதவைத் திறப்பார்கள், வெளியே படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், இரண்டு பக்கமும் சிப்பந்திகள் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, படகு மட்டத்துக்கு வரும் நேரம் பார்த்துக் காலை எடுத்து வைக்க வேண்டும். பையனுக்கு அது விளையாட்டு. மூட்டு வலிக்காரருக்கு அப்படி இல்லை, அதுவும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

அதனால் மலேசியாவின் பினாங்கு இருக்கும் பயணமாகப் பாருங்கள் என்பேன். அங்கே கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையோடு ஒட்டி நிற்கும், மேடையில் நடந்தே இறங்கிவிடலாம். கொஞ்ச தூரத்தில் லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, டூர் எதுவும் வாங்காமல் உங்கள் இஷ்டத்துக்குத் திரும்பலாம். வயதானவர்களோடு போகும்போது அவசரமில்லாமல் இருப்பதைவிடப் பெரிய வசதி எதுவும் கிடையாது. கோலாலம்பூருக்கான துறைமுகமான போர்ட் கிள்ளானிலும் கப்பல் கரையில்தான் நிற்கும், ஆனால் கோலாலம்பூர் போகவே காரில் ஒரு மணி நேரம் ஆகும், நெரிசல் இருந்தால் கூடவே ஆகும். பத்துமலை போனால் அம்மாவை 272 படி ஏறச் சொல்லாதீர்கள், 42.7 மீட்டர் முருகனைக் கீழே நின்றே கண்குளிரப் பார்க்கலாம்.

டிசம்பர் என்பதில் ஒரு நன்மை உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல்தான் கொந்தளிக்கும். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் நடுவே இருப்பதால் பொதுவாக அமைதியாகவே இருக்கும். எனவே பினாங்கு பக்கம் போகும் கப்பலே நல்லது. அறையும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மாதம் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை, விலை ஏறிவிடும், சீக்கிரம் பதிவு செய்யுங்கள்.

செலவு கட்டாயம் மேலே வரும். ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் ஒரு அறையில் இருவர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்கான கட்டணம். அதற்கு மேல் துறைமுக வரி, தலைக்கு இவ்வளவு என்று தினமும் சேரும் டிப்ஸ் (பையனுக்கும் உண்டு), வைஃபை, குளிர்பானம், தனி உணவகங்கள். "வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி வேண்டாம், ஸ்கேனில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

இனி விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினாலே நீங்கள் நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே இ-விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா என்று ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் கப்பலில் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள். நடுவில் வரும் நாட்டின் விசா விதியைப் பணம் கட்டும் முன் ஒரு முறை சரிபாருங்கள், இவை அடிக்கடி மாறுகின்றன.

கடைசியாக, கப்பல் ஏறும் நாளன்று காலையில் விமானத்தில் வந்து இறங்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முந்தின நாளே வந்து தங்குங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு: ஒன்று ஹார்பர்ஃபிரண்டில், இன்னொன்று 2012-ல் திறந்த மரினா பே முனையம். டிக்கெட்டில் எது என்று பார்த்து அதற்குப் பக்கமாக ஹோட்டல் எடுங்கள்.

கேள்வி: கப்பலில் ஏறியதும் ஏதோ பாதுகாப்புப் பயிற்சி என்கிறார்களே, கட்டாயமா?
(வாசகர், மதுரை)

பதில்: கட்டாயம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி இருந்தது. அதன் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஏழு குட்டி ஊதல், ஒரு நீண்ட ஊதல் என்றால் அபாய அறிவிப்பு. உங்கள் கூடுமிடம் எது என்று அறை அட்டையில் இருக்கும், குழந்தைகளையும் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: நடுக்கடலில் போன் வேலை செய்யுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: செய்யும், அதுதான் ஆபத்து. கரை மறைந்ததும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது, பில் எகிறிவிடும். கப்பல் கிளம்பும்போதே ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள், அப்பா அம்மா போனிலும் நீங்களே போட்டுவிடுங்கள்.