கதை புரிகிறது, கேள்வி வந்தால் தடுமாற்றம்: சிறுகதையை வாசித்துப் பழகுவது எப்படி?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மொழிப் பகுதியில் ஒரு சிறுகதையையோ கதைப் பகுதியையோ கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். யார், எங்கே, என்ன செய்தார் என்ற கேள்விகளில் தவறு வருவதில்லை. ‘இந்தப் பாத்திரத்தின் இயல்பு என்ன’, ‘கதையின் மையக்கருத்து எது’ என்று வந்தால்தான் சிக்கல். நான்கு விடைகளில் இரண்டை நீக்கிவிடுகிறேன். மிச்சமிருக்கும் இரண்டில் பெரும்பாலும் தப்பானதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியும். எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்: இரண்டு விடைகள் வரை வந்துவிடுகிறீர்கள் என்றால் உங்கள் வாசிப்பில் பெரிய குறை எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் அந்த இரண்டை உற்றுப் பாருங்கள். அநேகமாக ஒன்று கதையில் இருப்பதாக இருக்கும். மற்றது வாசிப்பவர் தாமாகக் கதைக்குள் கொண்டுபோவது. கேள்வித்தாள் தயாரிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். வாசிப்பவர் மனதில் தானாக எழும் எண்ணத்தையே ஒரு விடையாக எழுதி வைத்துவிடுவார். ஆகவே நீங்கள் பழக வேண்டியது ஒன்றுதான்: தாளில் இருப்பதையும், நீங்கள் சேர்த்ததையும் தனித்தனியாகப் பார்ப்பது.

ஒரு சின்னப் பகுதியை வைத்துப் பார்ப்போம். இந்தப் பதிலுக்காகவே எழுதியது இது.

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார் ராமநாதன். “நாளையிலிருந்து நூலகம் உங்க பொறுப்பு. எப்படி வேணுமோ மாத்திக்குங்க.”

மீனா அளவு நாடாவால் ஜன்னலோரச் சுவரை அளந்துகொண்டிருந்தாள். “இந்த நாற்காலியை எடுத்துட்டா இன்னொரு அலமாரி போடலாம் சார்.”

“தாராளமா.” பேனாவை மூடிப் பையில் செருகினார். பிறகு எடுத்துத் திறந்தார். மறுபடி மூடினார். “நாலு மணிக்கு ஒருத்தர் வருவார். கண் சரியாத் தெரியாது. அங்கதான் வெளிச்சம் நல்லா விழும்.”

“தினமும் வருவாரா?”

“வந்துட்டிருந்தார். போன மாசம் வரைக்கும்.”

மீனா நாடாவைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள்.

இப்போது மேலே பார்க்காமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: நாலு மணிக்கு வருபவர் எப்படிப்பட்டவர்? ‘வயதானவர்’ என்று மனதில் ஓடியிருந்தால், திரும்பிப் போய்த் தேடுங்கள். வயதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கண் சரியாகத் தெரியாதவர் என்பது மட்டும்தான் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று நினைத்திருந்தால் அதுவும் அப்படித்தான். போன மாதத்தோடு வருகை நின்றது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை.

இது கவனக் குறைவு அல்ல, மனித மனமே இப்படித்தான் வேலை செய்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாகக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை இங்கிலாந்து வாசகர்களுக்குக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். சீல் வேட்டைக்குப் போனவர்கள் அவர்கள் எழுத்தில் மீன் பிடிக்கப் போனவர்களாக மாறிவிட்டார்கள். பிடிபடாத இடங்களெல்லாம் கழன்றுபோய், பழகிய விஷயங்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன. வாசிக்கும்போது மனம் இடைவெளிகளை நிரப்பாமல் இருக்காது. நிரப்பாவிட்டால் கதையே புரியாது. எதை நிரப்பினோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பாத்திரத்தின் இயல்புக்கு வருவோம். இதைத்தான் நிதானமாகப் பழக வேண்டும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ‘சொன்னது’, மறுபக்கம் ‘செய்தது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ராமநாதன் சொன்னது: எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், தாராளமாக எடுக்கலாம். செய்தது: பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடியது, நாலு மணிக்கு வருபவரைப் பற்றிப் பேச்செடுத்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை அல்லவா? எந்தக் கதையிலும் சொல்லும் செயலும் விலகும் இடத்தில்தான் பாத்திரம் கைக்குக் கிடைக்கிறது. எழுத்தாளர் ‘அவர் வருத்தப்பட்டார்’ என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்கவே அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று சொல்லி, நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டாகப் பட்டியல் போட்டது தொல்காப்பியம். நல்ல சிறுகதை இன்றும் அந்த வழியில்தான் பேசுகிறது. ஆகவே கை, கண், நடை, ஒரு பொருளை எடுப்பது, வைப்பது எதையும் அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள்.

சரி, இந்தப் பகுதிக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ‘ராமநாதன் பொறுப்பை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்.’ மற்றொன்று, ‘ராமநாதன் வெளிப்படையாகத் தடுக்காமல், அந்த இடத்தைப் பயன்படுத்தியவரை நினைவூட்டுபவர்.’ அவசரத்தில் முதலாவது சரி என்றுதான் தோன்றும். பொறுப்பை ஒப்படைப்பவர் என்றாலே நாற்காலியை விட மாட்டார் என்ற எண்ணம் நம்மிடம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் வரியைத் தேடுங்கள். பேனாவோடு தவிப்பது இரண்டுக்கும் பொருந்துகிறது; அதனால் அந்த வரி எதையும் முடிவு செய்யாது. சாவியை அவராகவே வைத்ததும், ‘தாராளமா’ என்றதும் முதல் விடைக்கு எதிராக நிற்கின்றன. ‘அங்கதான் வெளிச்சம் நல்லா விழும்’ என்ற வரி இரண்டாவது விடைக்கு மட்டுமே உதவுகிறது. ஒரு விடைக்கு மட்டும் பொருந்தும் வரியைக் கண்டுபிடிப்பதுதான் இதில் முக்கியமான பழக்கம். இரண்டுக்கும் பொருந்தும் வரியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் எவ்வளவு நேரம் யோசித்தாலும் குழப்பம் தீராது.

இன்னொரு குறிப்பு. எழுத்தாளர் இ. எம். ஃபாஸ்டர் 1927-இல் பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என்று இரண்டாகப் பிரித்தார். நம்பும்படியாக நம்மை வியக்க வைக்க முடிகிறதா என்பது அவர் வைத்த சோதனை. தேர்வுக்கு இது நேரடியாக உதவும். பாத்திரம் கதை முழுக்க ஒரே மாதிரி நடந்தால் ‘கஞ்சன்’, ‘பிடிவாதக்காரர்’ போன்ற ஒற்றைச் சொல் விடை பொருந்தும். நடுவில் எதிர்பாராத ஒன்றைச் செய்தால், அந்தச் செயலையும் உள்ளடக்கிய விடைதான் சரியாக இருக்கும். ஒற்றைச் சொல் விடை சுருக்கமாக, உறுதியாகத் தெரியும். அதில்தான் பலர் விழுகிறார்கள்.

பேச்சு வழக்கையும் கவனியுங்கள். ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவர் ‘நீ’ என்று இறங்கினாலோ, ‘வருவார்’ என்றவர் அடுத்த நொடி ‘வந்துட்டிருந்தார்’ என்றாலோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

மையக்கருத்துக்கு வருவோம். ‘இந்தக் கதை எதைப் பற்றியது’ என்று கேட்டால் ‘அன்பு’, ‘முதுமை’, ‘மாற்றம்’ என்று பதில் வரும். அவை பொருள்கள்தான். அந்தப் பொருளைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்பதே மையக்கருத்து. அதை முழு வாக்கியமாகத்தான் சொல்ல முடியும். பாத்திரங்களின் பெயரை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். நம் பகுதிக்கு ஒரு முயற்சி: ‘ஒருவர் வராமல் போன பிறகும், அவருக்கென இருந்த இடத்தைக் காலி இடமாகப் பார்க்கச் சிலரால் முடிவதில்லை.’ இது மட்டும்தான் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடைசி வரியோடு இது ஒத்துப்போகிறது. நாடாவைச் சுருட்டியதற்கு இதில் இடம் இருக்கிறது. ‘புதியவர்கள் பழையதை மதிப்பதில்லை’ என்று எழுதினால் மீனாவின் அந்த ஒரு செயல் அதை உடைத்துவிடும். எந்தக் கருத்தை எழுதினாலும், அதற்கு மிகவும் ஒட்டாத விவரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டும் விவரங்கள் எப்போதும் தாராளமாகக் கிடைக்கும், அவற்றை நம்பாதீர்கள்.

நீதி மாதிரி ஒலிக்கும் விடையிடம் எச்சரிக்கையாக இருங்கள். ‘எப்போதும்’, ‘எல்லோரும்’, ‘மட்டுமே’ என்று அகலமாகப் பேசும் விடைகளும் அப்படித்தான். ஒரு சிறுகதை பொதுவாக ஒரு சிலரின் வாழ்க்கையில் ஒரு தருணத்தைத்தான் காட்டுகிறது. உலகம் முழுமைக்கும் சட்டம் போடும் விடையைத் தாங்க அதற்குப் பலம் போதாது. வேறொரு வகையும் உண்டு: தன்னளவில் உண்மையான வாக்கியம், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. அதனால் விடைகளைப் பார்ப்பதற்கு முன் கேள்வியை இன்னொரு தடவை வாசித்துவிடுங்கள்.

அரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாளுக்கு ஒரு கதை என்று வேகம் காட்ட வேண்டாம். மூன்று நாலு பக்கக் கதை ஒன்றை எடுத்து மூன்று நாள் அதோடு இருங்கள். முதல் நாள் பென்சில் இல்லாமல் கடைசி வரை வாசியுங்கள். தெரியாத சொல்லுக்காக நிற்க வேண்டாம். முடித்ததும் மூடி வைத்துவிட்டுக் கதையை நாலைந்து வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு நிபந்தனை: வாக்கியங்களை ‘அப்புறம்’ என்று கோக்கக் கூடாது, ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ என்றுதான் கோக்க வேண்டும். எங்கே அந்தச் சொல் வர மறுக்கிறதோ அங்கே நிகழ்வு தெரிகிறது, காரணம் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த நாள் அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

மூடி வைத்து எழுதுவதை வேண்டாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். மறுவாசிப்பு ‘தெரிந்துவிட்டது’ என்ற உணர்வைக் கொடுக்கும். எது தெரியவில்லை என்று காட்டித் தருவது, மூடி வைத்துவிட்டு எழுதும் அந்தச் சில வாக்கியங்கள்தான்.

இரண்டாம் நாள் ‘சொன்னது, செய்தது’ தாள். கூடவே, பாத்திரம் எதையாவது விட்டுக்கொடுத்த அல்லது தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு கோடு. மூன்றாம் நாள் நீங்களே கேள்வி எழுதுங்கள். இயல்பு பற்றி ஒன்று, மையக்கருத்து பற்றி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரியான விடை, மூன்று தவறான விடைகள். தவறான விடை எழுதுவதுதான் கஷ்டம். வாசிப்பவர் நம்பும்படி இருக்க வேண்டும், கதையின் ஏதோ ஒரு வரியில் அது உடையவும் வேண்டும். சில வாரம் இப்படி எழுதிப் பழகினால், தேர்வில் வரும் விடைகள் எந்த வகைப் பொறி என்று பார்த்தவுடன் தெரிய ஆரம்பிக்கும். கூடப் படிப்பவர் யாராவது இருந்தால் கேள்விகளை மாற்றிக்கொள்ளுங்கள். விவாதத்தில் ஒரே விதி: வரியில் விரலை வைக்காமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது.

கதையைப் பற்றிப் பிறர் எழுதிய விளக்கத்தை உங்கள் குறிப்பு முடிந்த பிறகு வாசியுங்கள். முன்பே வாசித்தால் அவர் கண்ணால்தான் பார்ப்பீர்கள். கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்வதை முதல் ஒரு மாதத்துக்குத் தள்ளிப் போடலாம். தேர்வில் கேள்விகளை முதலில் பார்ப்பதா, கதையை முதலில் வாசிப்பதா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம். தகவல் கட்டுரை என்றால் கேள்விகளை முதலில் பார்ப்பது லாபம். கதை என்றால் கதையே முதலில் என்பது என் கருத்து. கேள்வியைப் பார்த்துவிட்டு வந்தால், அதில் கேட்காத சின்னச் செயல்கள் கண்ணில் படாமல் போகும். அவற்றில்தான் இயல்புக் கேள்விக்கான விடை இருக்கும்.

சில சமயம் இரண்டு வாசிப்பும் நிற்கும். மீனா நாடாவைச் சுருட்டியது நாற்காலியை அப்படியே விட முடிவு செய்ததாலா, அவர் முன்னால் அளப்பது சரியில்லை என்று தோன்றியதாலா? தாளில் இருப்பதை வைத்து முடிவு சொல்ல முடியாது. கொள்குறி வினா என்றால், குறைவாகச் சேர்த்துக்கொள்ளும் விடையைத் தேர்ந்தெடுங்கள்: ‘மீனா அளப்பதை நிறுத்துகிறாள்’ என்பதோடு நிற்கும் விடை, ‘மீனா தன் திட்டத்தைக் கைவிடுகிறாள்’ என்பதைவிடப் பாதுகாப்பானது. எழுத்து வினா என்றால் இரண்டு சாத்தியத்தையும் சொல்லி, எது உங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது, எந்த வரியால் அப்படிப் படுகிறது என்று எழுதுங்கள்.