பெயர் தெரியாத ஐரிஸ் நாற்றுகள்: எண் கொடுத்து வளருங்கள்

கேள்வி: என் ஊதா ஐரிஸ் புதரிலிருந்து இரண்டு காய்களைப் பறித்து விதைத்தேன். புதருக்கு அடியிலும் தானாகச் சில நாற்றுகள் வந்திருக்கின்றன. லேபிள்களில் பாதி அழிந்துவிட்டது. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க முடியுமா? பூக்கும்வரை குழப்பமில்லாமல் எப்படி வளர்ப்பது?

பதில்: ரகப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உயரமான தாடி ஐரிஸ்கள் (தொங்கும் இதழில் தாடிபோன்ற மயிர்க்கற்றை உள்ளவை) தலைமுறை தலைமுறையாகக் கலந்து வந்த கலப்பினங்கள். ஒரே காயின் இருபது விதைகள் இருபது வெவ்வேறு செடிகளாகத்தான் வரும். தாய்ச்செடியின் பெயரை நாற்றுக்கு வைப்பது தவறு. கிழங்கைப் பிரித்து நட்டால் மட்டுமே அதே ரகம் கிடைக்கும்.

புதருக்கு அடியில் வந்தவற்றை முதலில் பாருங்கள். விரலால் மண்ணை மெல்ல விலக்குங்கள். பழைய கிழங்கோடு ஒட்டியிருந்தால் அது பக்கக் கன்று. தாயின் அச்சு அசல். தனியாக, நூல்போன்ற வேர்களோடு நின்றால் விதை நாற்று. இளசாக இருந்தால் அடியில் சுருங்கிய பழுப்பு விதைத்தோல் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றை உடனே எடுத்துத் தனியிடத்தில் நடுங்கள். "ஊதா ஐரிஸ் திடீரென்று மஞ்சளாகப் பூத்துவிட்டது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இப்படி உள்ளே வளர்ந்த நாற்றுதான். இனி விதை வேண்டாம் என்றால், வாடிய பூவைக் காய் பிடிக்குமுன் கிள்ளிவிடுங்கள்.

விதைத்த தொட்டியில் எல்லாம் முளைத்துவிட்டதாக நினைத்து மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். ஐரிஸ் விதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. ஈரத்தோடு 2 முதல் 3 மாதக் குளிரும் வேண்டும். சில விதைகள் அடுத்த வருடம்தான் எழும். அடுத்த முறை விதைகளைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, பிறகு 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். வெளியே குளிர்காலம் போதுமான அளவு குளிராத இடமென்றால், ஈரமான பெர்லைட்டில் (தொட்டி மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைத் துகள்) கலந்து ஃப்ரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கலாம். நாற்று 8 முதல் 10 செ.மீ. உயரம் வந்ததும், 25 முதல் 30 செ.மீ. இடைவெளியில் தரையில் நடுங்கள். நெருக்கி நட்டால் இரண்டாம் வருடம் கிழங்குகள் பின்னிக்கொள்ளும். எது எந்த நாற்று என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இப்போது எண். '24-02-7' என்றால் 2024-இல் எடுத்த இரண்டாவது காயின் ஏழாவது நாற்று. தாய் தெரியும், மகரந்தம் எதிலிருந்து வந்தது என்று தெரியாது என்றால், நோட்டில் தாயின் பெயரை எழுதி அருகில் 'தேனீ' என்று குறித்தால் போதும். லேபிள் அழிந்துபோன நாற்றுகளுக்குக் காய் எண்ணாக 00 போடுங்கள். எந்தக் காய் என்று ஊகித்து எழுதாதீர்கள். ஊகம் ஒருமுறை நோட்டில் ஏறிவிட்டால் அடுத்த வருடம் அதுவே உண்மையாகிவிடும்.

லேபிள் அழிந்ததற்குக் காரணம் மார்க்கர் மை. 'அழியாதது' என்று விற்பதும் வெயிலில் வெளுக்கும். பென்சில் எழுத்து வெயிலுக்கு வெளுக்காது. ஆனால் பிளாஸ்டிக் பட்டையே ஓரிரு வருடத்தில் நொறுங்கும். மெல்லிய அலுமினியத் தகட்டில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மை போனாலும் பள்ளம் நிற்கும். ஒரு தகட்டைக் கம்பியில் மேலே கட்டி, இன்னொன்றைச் செடியின் ஒரே பக்கத்தில், எல்லாச் செடிக்கும் வடக்குப் பக்கம் என்று வைத்து, மண்ணுக்குள் புதையுங்கள். இதோடு பாத்தியின் வரைபடத்தையும் நோட்டில் வரைந்து வையுங்கள். பறவையோ களைவெட்டியோ லேபிளைப் பிடுங்கினாலும் வரைபடம் காப்பாற்றும்.

முதல் பூ பொதுவாக 2 அல்லது 3 வருடத்தில் வரும். எண் தகடும் சட்டகத்துக்குள் வரும்படி படம் எடுங்கள். நேர் வெயிலில் நிறம் வெளுத்துத் தெரியும், நிழல் விழும் நேரம் நல்லது. பூத்த தேதி, தண்டின் உயரம், கிளைகள், மொட்டுகளின் எண்ணிக்கை, நிமிர்ந்த இதழ், தொங்கும் இதழ், தாடி ஆகிய மூன்றின் நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். குறிப்பாகத் தாடி: ஒரே ஊதாவாகத் தெரியும் இரண்டு நாற்றுகளில் ஒன்றுக்கு ஆரஞ்சுத் தாடியும் மற்றதற்கு வெள்ளையும் இருக்கலாம். முதல் வருடத் தண்டு குட்டையாக இருப்பது இயல்பு. இரண்டாம் முறை பூத்த பிறகு வைப்பதா கழிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

கிழங்கைப் பிரிக்கும் நாளில்தான் எண்கள் மாறிப்போகும். தோண்டுமுன்பே, மார்க்கரால் ஒவ்வொரு விசிறியின் (விசிறிபோல் விரிந்த இலைக்கொத்து) இலையிலும் எண்ணை எழுதுங்கள். சில வாரத்துக்கு அந்த மை போதும். ஒரு புதரைத் தோண்டி, பிரித்து, நட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நண்பருக்குக் கொடுக்கும் கிழங்கிலும் அதே எண் இலையில் இருக்கட்டும்.